வைகை ஆற்றுக்கு மாதிரி உருவம் செய்ய உதவி வேண்டும்
வணக்கம். தேனிப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்கிறேன். சனிக்கிழமை முதல் பஸ் பிடித்து, மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்திய கற்பித்தல் கண்காட்சிக்குப் போய் வந்தேன். ஒரு மேசை முன்னாலேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு ஒவ்வொன்றையும் அட்டையில் வெட்டி அடுக்கி ஒரு மலையையே எழுப்பியிருந்தார்கள். ஒரு சிறுமி டம்ளர் தண்ணீரை உச்சியில் ஊற்ற, அது பள்ளம் தேடி இறங்கியது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையை என் பிள்ளைகளுக்கும் இப்படிக் காட்ட வேண்டும்.

1:50,000 அளவு வரைபடத்தை வைத்து அதே அளவில் செய்தால் 100 மீட்டர் உயரம் வெறும் 2 மில்லிமீட்டர்தான். மலை தட்டையாகிவிடும். உயரத்தை எத்தனை மடங்கு கூட்டலாம்? அப்புறம், அட்டை ஊறாமல் இருக்க எதைப் பூசுவது? பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கேட்காமல் வந்துவிட்டேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் போடுங்கள்.