அம்மா கண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா? ஜப்பான்ல பண்ணதும் இதுவும் ஒண்ணுதானா?

நெல்லை செல்வி:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு கண்ணுலயும் மாக்குலர் டீஜெனரேஷன், அதாவது விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுப்போறது, அதுல ட்ரை டைப்னு சொல்லியிருக்காங்க. ஓரம் எல்லாம் தெரியுது, நேரா பாத்தா மட்டும் நடுவுல மறைக்குது. அரிசில கல்லு பொறுக்க முடியல, எதிர்ல வர்றவங்க குரல் குடுத்தாத்தான் யாருன்னே தெரியுது. கண் டாக்டர் மாத்திரை எழுதிக்குடுத்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னு சொல்லிட்டார். இப்ப சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி ஒரு கிளினிக் போனோம், வயித்துக் கொழுப்ப எடுத்து அதுல ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய செல்லாம்) பிரிச்சு அன்னிக்கே ரெண்டு கண்ணுக்குள்ளயும் ஊசி போட்டுடுவாங்களாம், மூணு லட்சத்துக்கு மேல ஆகும்னாங்க. இதே வியாதிக்கு ஜப்பான்ல ஸ்டெம் செல் வச்சு நோபல் பரிசு வாங்கிட்டாங்கன்னு ஒரு நோட்டீஸும் குடுத்தாங்க. நகைய வச்சாவது பண்ணிடலாம்னு அண்ணன் சொல்றான். விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, பண்ணலாமா?

செல் கல்ச்சர் மணி:
பண்ணாதீங்க செல்வி. நான் லேப்ல செல் வளக்குற ஆளு, டாக்டர் இல்ல, ஆனா அந்த நோட்டீஸ்ல இருக்குற ஜப்பான் கதை நல்லா தெரியும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

நம்ம தோல் செல்லுலயும் கண் செல்லுலயும் இருக்குறது ஒரே ஜீன்தான், எது ஆன்ல இருக்கு எது ஆஃப்ல இருக்குங்கிறதுதான் வித்தியாசம். 1962லயே ஜான் கர்டன் தவளைக்குஞ்சோட குடல் செல்லுல இருந்து உட்கருவ எடுத்து, உட்கரு இல்லாத தவளை முட்டைக்குள்ள வச்சு புதுசா தவளையே வளத்துக் காட்டிட்டார், அதாவது முத்திப்போன செல்லு திரும்பி ஆரம்பத்துக்கே போக முடியும்னு. ஆனா முட்டை இல்லாம அத எப்படி பண்றது? கியோட்டோ யுனிவர்சிட்டில ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகாஹாஷியும் 24 ஜீன லிஸ்ட் போட்டாங்க. மொத்தத்தையும் எலியோட தோல் செல்லுக்குள்ள விட்டா அது ஆரம்ப நிலை செல்லா மாறுது. சரி, இதுல எது எது கட்டாயம் வேணும்? ஒவ்வொரு தடவையும் ஒண்ண மட்டும் விட்டுட்டு மீதி 23ஐப் போட்டுப் பாத்தாங்க, எத விட்டா வேலை கெடுதோ அது முக்கியம். அப்படியே கழிச்சுக் கழிச்சு கடைசில நாலுல வந்து நின்னுச்சு. அது 2006. அடுத்த வருஷமே மனுஷ செல்லுல, 36 வயசுப் பெண்ணோட முகத்துத் தோல்ல இருந்து எடுத்த செல்லுல பண்ணிட்டாங்க. இப்படி ஆரம்ப நிலைக்குத் திரும்பி, எந்த வகை செல்லா வேணும்னாலும் வளக்கக்கூடியதத்தான் ஐபிஎஸ் செல்லுங்கிறோம். குழந்தையா வளரக்கூடிய கரு எதையும் தொடவே இல்ல. நோபல் இதுக்காக 2012ல கர்டனுக்கும் யமனகாவுக்கும் சேத்துக் குடுத்தது. இந்த செல்ல வச்சு கண்ணுல முதல் ஆபரேஷன் நடந்ததே 2014 செப்டம்பர்லதான், அப்புறம் எப்படி கண் வைத்தியத்துக்கு நோபல் குடுத்திருப்பாங்க?

அந்த ஆபரேஷனையும் சொல்றேன், இதுதான் முக்கியம். கோபேல மசாயோ தகாஹாஷி டீம், 77 வயசு அம்மா ஒருத்தரோட தோல்ல சின்னதா எடுத்து, ஐபிஎஸ்ஸா மாத்தி, அத விழித்திரைக்கு அடியில இருக்குற நிற செல்லா வளத்து, 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஷீட்டா ஆக்கி உள்ள வச்சாங்க. மாசக்கணக்கான வேலை. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்ப, வச்ச ஷீட் அப்படியே இருந்துச்சு, கட்டி வரல, பார்வை மோசமாகவும் இல்ல, கூடவும் இல்ல. அவங்களே அப்படித்தான் எழுதினாங்க. ரெண்டாவது ஆளுக்கும் செல்லு ரெடி, ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி டிஎன்ஏவ செக் பண்ணப்ப மாற்றம் தெரிஞ்சதும் வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. அந்த நாலு ஜீன்ல ஒண்ணு சி-மிக், கேன்சரோட தொடர்பு உள்ளது, ஆரம்பத்துல எலிகள்ல கட்டி வந்திருக்கு. அதனாலதான் அவ்ளோ ஜாக்கிரதை. வளத்த செல்லையே கையில வச்சுக்கிட்டு வேணாம்னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒழுங்க நான் ரொம்ப மதிக்கிறேன்.

காலைல கொழுப்ப எடுத்து சாயங்காலம் கண்ணுல குத்துறதுல ரீப்ரோகிராமிங், அதாவது செல்ல ஆரம்ப நிலைக்குத் திருப்புறது, எங்க இருக்கு? அது கண் செல்லா மாறவே இல்ல, வெறும் கொழுப்புல இருந்து பிரிச்ச கலவை.

ஜெயந்தி ஆப்டோமெட்ரி:
மணி சொன்னதோட இதயும் படிங்க, அண்ணன்கிட்டயும் படிச்சுக் காட்டுங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2015ல இதே மாதிரிதான், வயித்துக் கொழுப்பு, ஒரே நாள்ல ரெண்டு கண்ணு, ஆளுக்கு 5000 டாலர். பாதிக்கப்பட்ட மூணு பேரும் 70 வயச தாண்டின பெண்கள், மூணு பேருக்கும் மாக்குலர் டீஜெனரேஷன். ஊசி போட்ட சில நாள்லயே உள்ள ரத்தக்கசிவு, விழித்திரை பிரிஞ்சு பார்வை போயிடுச்சு. 2017ல மெடிக்கல் ஜர்னல்ல வந்த கேஸ் இது. ரெண்டு கண்ணுலயும் ஒரே நாள்ல பண்றோம்னு யாராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்கம்மா, நிஜமான ஆராய்ச்சில ஒரு கண்ணுல பண்ணிப் பாத்துட்டுத்தான் அடுத்ததப் பத்தி பேசுவாங்க.

நம்ம நாட்டுல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டியே தெளிவா இருக்கு, ரத்தம் சம்பந்தமான சில வியாதிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாத்துறது மாதிரி ஏற்கனவே ஒத்துக்கிட்ட சிகிச்சை தவிர மத்ததெல்லாம் அனுமதி வாங்கின ட்ரையலாத்தான் நடக்கணும். ட்ரையல்ல சோதிக்கிற மருந்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. மூணு லட்சம்னு ரேட்டு சொன்னாங்கல்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு.

மருத்துவர் மகன் இல்ல, நோயாளி மகன்:
எல்லாம் சரி, ஆனா ஸ்டெம் செல்லுன்னாலே ஏமாத்துன்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க ப்ளீஸ். எங்கப்பாவுக்கு பார்க்கின்சன், அதனால இத விடாம படிக்கிறேன். கியோட்டோல ஜுன் தகாஹாஷி டீம் ஐபிஎஸ்ல இருந்து, டோபமின்ங்கிற மூளை ரசாயனத்த சுரக்குற செல்லுக்கான முன்னோடி செல்ல வளத்து 7 பேர் மூளையில வச்சாங்க, 2025 ஏப்ரல்ல ரிசல்ட் வந்துச்சு, ரெண்டு வருஷம் பாத்ததுல கட்டி இல்ல, பலன அளந்து பாத்த 6 பேர்ல 4 பேருக்கு மருந்து இல்லாத நேரத்து நடுக்கம், இறுக்கம் மாதிரி அறிகுறி குறைஞ்சிருக்கு. சின்ன எண்ணிக்கைதான், ஆனா நான் அத நம்பிக்கையோட பாக்குறேன். அதனாலதான் போலி கிளினிக்க பாத்தா வயிறெரியுது, அவன் ஒரு கண்ண கெடுத்தா நாளைக்கு நிஜமான ட்ரையல் வந்தாலும் ஜனங்க பயந்து ஒதுங்கிடுவாங்க.

நெல்லை செல்வி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஃப்ளோரிடா விஷயத்த சொன்னதும் அண்ணன் பேசாம இருந்துட்டான், அம்மாவே வேணாம்டான்னு சொல்லிட்டாங்க. ஜெயந்தி அக்கா, அப்போ இப்ப வீட்ல நாங்க பண்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?

ஜெயந்தி ஆப்டோமெட்ரி:
இருக்கும்மா. டாக்டர்கிட்ட ஆம்ஸ்லர் கட்டம் கேளுங்க, கட்டம் போட்ட ஒரு தாளு, அவ்ளோதான். படிக்கிற கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு கண்ண மூடி, மறு கண்ணால நடுப்புள்ளியப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் கண்ண மாத்தி. நேர் கோடு நெளிஞ்சு தெரிஞ்சா ட்ரை டைப், விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் கசியுற வெட் டைப்பா மாற ஆரம்பிச்சிருக்கலாம், ஆறு மாச செக்கப்புக்குக் காத்திருக்காம அப்பவே போயிடணும், ஏன்னா வெட் டைப்புக்கு இப்பவே ஊசி இருக்கு, நாள் கடத்தாம போட்டா இருக்குற பார்வைய காப்பாத்தலாம். வீட்ல யாராவது பீடி சிகரெட் பிடிச்சா அம்மா பக்கத்துல வேணாம். லோ விஷன் கிளினிக் இருக்குற கண் ஆஸ்பத்திரிக்கு ஒருதடவ கூட்டிட்டுப் போங்க, ஸ்டாண்ட் வச்ச பூதக்கண்ணாடி, நல்ல டேபிள் லைட்டு, ஓரப் பார்வையால படிக்கிற பழக்கம் எல்லாம் அங்க சொல்லிக்குடுப்பாங்க. அரிசி பொறுக்கணும்னா கறுப்புத் தட்டுல கொட்டி ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க.