புதுப்பிப்பு: கோட்டைக் காட்சியை மறுபடி விளையாடினோம்

போன மாதம் எழுதியிருந்தேன்: யாழ்ப்பாணக் கோட்டையை வைத்து நான் நடத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (ஒருவர் காட்சியைச் சொல்ல, மற்றவர்கள் கதாபாத்திரங்களாகிப் பகடை உருட்டி விளையாடும் கதை ஆட்டம்), அகழி எங்கே, வாசல் எங்கே என்று ஒருவருக்கும் விளங்காமல் ஒரு மணித்தியாலம் வீணானது. நேற்று அதே காட்சியைத் திரும்ப நடத்தினேன்.

1658இல் ஒல்லாந்தர் பிடித்த கதையை எல்லாம் இந்தமுறை விட்டுவிட்டேன். தாளில் ஐங்கோணம் கீறிக் காட்டி, மூன்றே வசனம்: "இடப்பக்கம் அகழி. முன்னால் இருபது அடியில் வாசல். விளக்கோடு இரண்டு காவலர், உங்களை இன்னும் காணவில்லை." உடனே, "என்ன செய்யப் போறீங்கள்?" அந்தக் கேள்வியோடு நிறுத்தியதுதான் பெரிய மாற்றம்.

விதியையும் பகடை உருட்ட முன்னமே சொன்னேன். மதில் ஏறப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், தவறினால் அகழிக்குள். இருபது முகப் பகடையில், கதாபாத்திரத்தின் திறமைக்கென்று கூட்டும் எண் எதுவும் இல்லாவிட்டால், அது 30 சதவீத வாய்ப்புத்தான். கயிறு இருந்தால் இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கலாம், 51 சதவீதமாகிவிடும். "அப்ப முதல்ல கயிறு தேடுவம் அண்ணா" என்றாள் தங்கச்சி. போனமுறை இதே இடத்தில்தான் கோபித்து எழும்பிப் போனவள்.

கயிறு கிடைத்தும் அகழிக்குள் விழுந்தாள். சரி, பரவாயில்லை என்று அடுத்த திட்டம் போடத் தொடங்கிவிட்டாள்.