பனியைத் தாங்கும் செம்பர்விவம் பரந்தன் வெயிலில் நிறம் மாறுமா?

பரந்தன் வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் என் மச்சாள் போன பங்குனியில் ஒரு படம் அனுப்பினார். பனி கரைந்து வரும் மண்ணில் ரோஜாப்பூ விரிந்த மாதிரி ஒரு சின்னச் செடி, அப்படியொரு பொன்மஞ்சள், ஒவ்வொரு இலை நுனியிலும் குங்குமம் தொட்டு வைத்தது போல் சிவப்பு. பிறகு ஆடி மாதத்தில் அதே செடியின் படம் வந்தது, முழுக்க எலுமிச்சைப் பச்சை. செம்பர்விவம் என்ற குளிர் நாட்டுச் சதைச்செடியில் அண்மையில் வந்த வகையாம், பெயர் கோல்ட் நகெட். காலத்துக்குக் காலம் இலையே நிறம் மாறும் செடியை நான் கண்டதில்லை, அன்றிலிருந்து மனம் அதிலேயே நின்றுவிட்டது.

தேடித் தேடி, இணையத்தில் கன்று விற்கும் ஒருவரிடம் புரட்டாசியில் மூன்று கன்று எடுத்தேன். ‘ஹார்டி, எந்தக் காலநிலையும் தாங்கும்’ என்று போட்டிருந்தார்கள். வந்தபோது மூன்றும் இறுக்கமாக, வடிவாக இருந்தன. செம்மண்ணும் சாணி எருவும் கலந்து சாடியில் வைத்து, முற்றத்தில் நல்ல வெயில் படும் இடத்தில் விட்டேன். ஐப்பசி மழை தொடங்கி இரண்டாவது கிழமை ஒன்றின் அடியிலைகள் ஈரக் கடதாசி போல ஆகிவிட்டன. விரலால் மெல்லத் தொட்டேன், தலை முழுவதும் தண்டிலிருந்து கழன்று கையோடு வந்தது. உள்ளே மண்ணிறமாக, அழுகிய வெங்காய மணம். நேற்று இரண்டாவதும் அப்படியே போய்விட்டது. மூன்றாவது உயிரோடு நிற்கிறது, ஆனால் நடுத்தண்டு நீண்டு இலைகள் பிரிந்து வெறும் வெளிர்பச்சையாக இருக்கிறது.

எங்கே பிழை விட்டேன்? மார்கழி, தைக் குளிருக்காவது இது மஞ்சளாகுமா? யாராவது நம் கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்த்திருந்தால் சொல்லுங்கள், மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

வவுனியா நாற்றுமேடை எழுதியது:

தங்கச்சி, நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தக் கன்றை மழைக்குள்ளிருந்து எடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். சாடியிலிருந்து பிடுங்கி வேரில் ஒட்டிய எரு மண்ணை உதறி, கறுத்த வேர் இருந்தால் நறுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் ஒரு சிரட்டையில் வெறுமனே போட்டு வையுங்கள், காயட்டும். அதற்கொன்றும் ஆகாது, தண்ணீரை இலையிலேயே வைத்திருக்கிற செடி. பிறகு ஆற்றுமணல் பாதி, சல்லடையில் தூள் போக அரித்த கிரவல் கால், இடித்த ஓட்டுத்துண்டு கால் என்று கலந்து, அடியில் துளை உள்ள மண்சாடியில், பிளாஸ்டிக் வேண்டாம், மேலாக வையுங்கள். எரு துளியும் போடாதீர்கள். தாழ்வாரத்தின் கீழ் காலை வெயில் விழும், மழைச் சாரல் படாத இடம் பாருங்கள். மாரி முடியும் வரை மண் அடிவரை காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடலாம். தலையில் ஊற்றக்கூடாது, இலைகளுக்கு நடுவில் தண்ணீர் நின்றால் அங்கிருந்துதான் அழுகும்.

உங்களுக்கு விற்றவர்கள் ‘ஹார்டி’ என்று சொன்னதில்தான் பெரிய பிழை. குளிர் நாட்டுத் தோட்டக்காரர் அந்தச் சொல்லைப் போட்டால் பனியில் சாகாது என்று மட்டும்தான் அர்த்தம். அமெரிக்காக்காரர் செடிகளுக்குப் போடும் வலய எண்ணும் குளிர்காலத்தின் ஆகக் குறைந்த வெப்பநிலையை வைத்துப் போடுவது, 4ஆம் வலயம் என்றால் சைபருக்குக் கீழே 34 பாகை வரை. கோடையில் எவ்வளவு சூடு தாங்கும் என்று அந்த எண்ணில் ஒரு வார்த்தை இல்லை. நான் நுவரெலியாவிலிருந்து செம்பர்விவம் இரண்டு தரம் கொண்டுவந்து பார்த்தேன். முதல் தரம் மாரியில் போனது, இரண்டாம் தரம் மழைபடாமல் காப்பாற்றி வைத்தும் சித்திரை வெக்கையில் போய்விட்டது. அதற்குப் பிறகு என் மேடையில் அதை விற்பதில்லை, கேட்டு வருபவர்களிடம் காரணத்தைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். தெரிந்துகொண்டு ஒருவரின் காசை வாங்க எனக்கு மனம் வராது.

ரொறன்ரோ பூந்தோட்டம் எழுதியது:

நான் 1990களில் இங்கே வந்தவள், ஊர் முள்ளியவளை. என் வீட்டு முன்படியில் கோல்ட் நகெட்டும் வேறு நாலு வகையும் இருக்கின்றன. பரந்தன் பிள்ளை எழுதியதை வாசிக்கக் கவலையாக இருந்தது. இங்கே இதற்கு நான் ஒன்றுமே செய்வதில்லை. மார்கழியில் பனி மூடினால் பங்குனியில்தான் திரும்ப முகம் பார்ப்போம், பனி விலகும் அந்தக் கிழமையில்தான் நிறம் ஆகக் கடுமையாக இருக்கும். வைகாசி தாண்டிச் சூடு ஏற ஏற மஞ்சள் கலைந்து பச்சையாகிவிடும். குளிர் போனால் நிறம் போகும், அவ்வளவுதான். மற்றொன்று, ஒரு தலை பூத்தால் அந்தத் தலை செத்துவிடும், அழுகி விட்டதென்று பயப்பட வேண்டாம், வாழை குலை போட்டது மாதிரி. சுற்றிலும் குட்டிகள் இருக்கும், அவை தாயின் இடத்தைப் பிடிக்கும்.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இதை வீட்டுக் கூரையில் வளர்த்தார்கள், இடி விழாது என்று நம்பிக்கை. சார்லமேன் மன்னர் 800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரையில் இதை வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிலேயே எழுதி வைத்திருக்கிறார். மண்ணே இல்லாத ஓட்டு இடுக்கில் வாழ்கிற செடிக்குச் சாணி எரு போட்டால் அது என்ன செய்யும் பாவம். தை மாதம் ஊருக்கு வருகிறேன், வேண்டுமென்றால் நாலு குட்டி கொண்டுவரட்டுமா?

வவுனியா நாற்றுமேடை எழுதியது:

அக்கா, பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். உயிருள்ள கன்று இலங்கைக்குள் வர விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு புதுப் பூச்சி வந்து சேர்ந்தால் கரைச்சல் நம் தோட்டங்களுக்குத்தான்.

பரந்தன் வளவு எழுதியது:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. கன்றைப் பிடுங்கிச் சிரட்டையில் போட்டாயிற்று, வேர் பாதிதான் கறுப்பு. ஒன்று மட்டும் கேட்கிறேன், இரவில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பகலில் வெளியே எடுத்தால் குளிர் கிடைத்த கணக்கில் வராதா?

முல்லை உயிரியல் எழுதியது:

நான் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். பிரிட்ஜ் யோசனை விளங்குகிறது, ஏனென்றால் இந்தச் செடிக்கு இரவுதான் முக்கியம். பகலில் இலையின் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து அமிலமாகச் சேமித்து, விடிந்த பிறகு அதை வைத்துச் சீனி செய்யும். ஆல்ப்ஸ், பால்கன் மலைகளில் இரவு குளிரும், சேமிப்பு நன்றாக நடக்கும். நமக்குக் கோடை இரவு 25 பாகையைச் சுற்றியே நிற்கும், சேர்ப்பது குறைந்து, சுவாசத்தில் செலவழிப்பது கூடிவிடும். ஒரு தட்டில் அடைத்து வைத்தால் குளிர் கிடைக்கலாம், ஆனால் ஈரமும் காற்றோட்டமின்மையும் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். அரை வேரோடு நிற்கும் கன்றில் இதைச் செய்ய வேண்டாம். தையில்கூட நம் இரவு 20 பாகையை ஒட்டித்தான், பொன்மஞ்சளுக்கு அது போதாது. குளிரிலும் கடும் ஒளியிலும் பச்சையம் குறையும், நுனியில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி கூடும். நமக்கு ஒளி தாராளம், குளிர் இல்லை.

ஆனால் தங்கச்சி, நிறம் மாறும் சதைச்செடி உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. வேலியோரக் கற்றாழையை ஆடி, ஆவணியில் பாருங்கள், சோளகம் அடித்து மண் வெடித்த நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், ஐப்பசி மழை பெய்து சில கிழமைகளில் திரும்பப் பச்சை. அங்கே குளிர் செய்வதை இங்கே வரட்சி செய்கிறது. சாடியில் வேண்டுமென்றால் திருகுகள்ளியில் செம்மஞ்சள் வகை ஒன்று வருகிறது, வெயிலிலும் வரட்சியிலும் குச்சி குச்சியாகத் தீப்பிடித்த மாதிரி நிற்கும், நிழலில் வைத்தால் பச்சையாகும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக மெக்சிகோவைச் சேர்ந்த கிராப்டோபெட்டலம் வையுங்கள், நிழலில் சாம்பல் நீலம், வெயிலில் இளஞ்சிவப்பும் மஞ்சளும். நான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுப்பதோடு சரி.

இன்னொன்று, ஏ9 வீதியால் ஆனையிறவைத் தாண்டிப் போகும்போது கோடையில் இறங்கிப் பாருங்கள். உப்புத் தரவையில் உமரி என்ற சின்னச் சதைச்செடி நிற்கும். மழைக்காலத்தில் கண்ணுக்கே படாத பச்சை, தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் நிலம் முழுவதும் பீற்றூட் அரைத்து ஊற்றிய மாதிரி. அந்த உவமை சும்மா சொல்லவில்லை, பீற்றூட்டுக்கும் உமரிக்கும் ஒரே குடும்பம், நிறமியும் ஒரே இனத்தது. ஒரு கணுவைக் கிள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். பிடுங்கிக் கொண்டுபோய்ச் சாடியில் வைக்க வேண்டாம், அது அந்த உப்பு மண்ணோடு வாழ்வது. என் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய நாளில், பரீட்சைக்குப் பாடமாக்கிய ‘உவர்த்தாவரம்’ என்ற சொல் அவர்கள் முகத்தில் விளங்கியதைக் கண்டேன்.

பரந்தன் வளவு எழுதியது:

சேர், உமரியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அது காய்ந்து சிவந்து சாகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்! அம்மாவிடம் சொன்னேன், அவர் ஒரு காலத்தில் அதை அவித்துச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்று நாலாம் நாள். மணல், கிரவல், ஓட்டுத்துண்டு கலந்து மண்சாடியில் வைத்து, தாழ்வாரத்தின் கிழக்குப் பக்கம் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அண்ணா சொன்னபடி இன்னும் தண்ணீர் விடவில்லை. அடியில் மிளகளவு ஒரு குட்டி எட்டிப் பார்க்கிறது, பிடுங்கும்போது அது இருந்ததையே நான் கவனிக்கவில்லை. தாயோடு விடவா, பிரித்து வைக்கவா?

வவுனியா நாற்றுமேடை எழுதியது:

தாயோடு விடுங்கள். சொந்த வேர் விட்ட பிறகு அதன் காம்பு தானாகக் காயும், அப்போது எடுக்கலாம். சித்திரைக்கு முன்னால் தெரிந்தவர் யாராவது நுவரெலியாப் பக்கம் போனால் அந்தக் குட்டியைக் கொடுத்துவிடுங்கள், அங்கே பிழைக்கும். கிராப்டோபெட்டலம் என்னிடம் நிற்கிறது, வவுனியா வந்தால் ஒரு இலை தருகிறேன், மணல் மேல் போட்டால் அதிலிருந்தே முளைக்கும், காசு வேண்டாம்.