சிடார் மரத்தில் புடைப்புச் சிற்பம்: இலை நுனிகள் பொடிந்து உதிர்கின்றன, மரம் பொருத்தமற்றதா?

கொடிச்சித்திரம் (கேள்வி):
வணக்கம். சிடார் என்று சொல்லி விற்கப்பட்ட கட்டை ஒன்றில், கொடியும் இலைகளும் கொண்ட புடைப்புச் சிற்பம் செதுக்கி வருகிறேன். நாரின் போக்கில் உளி செல்லும்போது வெட்டு வழவழப்பாக வருகிறது. ஆனால் நாருக்குக் குறுக்கே திரும்பும் இடங்களில், குறிப்பாக இலை நுனிகளிலும் காம்பின் வளைவுகளிலும், மரம் வெட்டுப்படாமல் நசுங்கிப் பொடியாக உதிர்கிறது. சில நுனிகள் நாரோடு பிளந்து தனியே வந்துவிட்டன. பின்னணியைத் தாழ்த்திய பகுதியில் நீலம் கலந்த கருங்கறைகளும் தெரிகின்றன. உளிகளைத் தீட்டிய பிறகே வேலையைத் தொடங்கினேன். குறை கருவியிலா, மரத்திலா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

வைரக்கட்டை:
சிடார் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மரங்கள் விற்கப்படுகின்றன. ஆகவே தங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் பொருத்தம் சொல்ல இயலாது. தேவதாருவும் லெபனான் சிடாரும் உண்மையான சிடார் இனத்தைச் சேர்ந்தவை. மேற்கத்திய செஞ்சிடார் துயா என்ற வேறு இனத்தது, மிகவும் இலேசானது. பென்சிலுக்கும் துணிப்பெட்டிக்கும் பயன்பட்டுவந்த கிழக்கத்திய செஞ்சிடார் உண்மையில் ஜூனிப்பர் என்ற வேறோர் ஊசியிலை மரவகை. நுண்ணிய இழை கொண்டது என்றாலும் கணுக்கள் மிகுந்தது. சுருட்டுப் பெட்டி செய்யப்படும் ஸ்பானிய சிடாரோ ஊசியிலை மரமே அன்று, வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டையின் அளவு, எடை, நிறம், மணம் ஆகியவற்றைத் தெரிவித்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

கொடிச்சித்திரம்:
அதே மரத்தில் மிச்சமுள்ள துண்டு 30 செ.மீ. நீளமும், 10 செ.மீ. அகலமும், 10 செ.மீ. தடிமனும் கொண்டது, எடை 1.1 கிலோ. நிறம் செம்பழுப்பு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. கணுக்கள் இல்லை. வெட்டும்போது சற்றுக் காரமான மணம் எழுகிறது.

வைரக்கட்டை:
கன அளவு 3,000 கன செ.மீ.; எனவே அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிலோ. நன்கு உலர்ந்த மேற்கத்திய செஞ்சிடாரின் அடர்த்தி இதுவே. கிழக்கத்திய செஞ்சிடாராக இருந்தால் 500ஐத் தாண்டியிருக்கும். நிறமும் கணுவின்மையும் இதற்கே ஒத்துவருகின்றன.

இம்மரத்தின் ஆண்டு வளையத்தில் வசந்தகாலப் பகுதி மிக மென்மையாகவும், அதையடுத்த கோடைகாலப் பகுதி கடினமாகவும் இருக்கும். உளி கடினமான பட்டையை வெட்டத் தேவையான அழுத்தத்தைக் கொடுக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மென்மையான பட்டை தாங்க முடியாமல் நசுங்குகிறது. தாங்கள் காணும் பொடி அதுதான். கடின மரத்துக்குப் போதுமான கூர்மை இங்கே போதாது. கூர்க்கோணத்தைச் சுமார் 20 பாகைக்குக் குறைத்து, சாணைக்கல்லில் தீட்டியபின் தோல் பட்டையிலும் இழுத்துப் பாருங்கள். மிச்சத் துண்டின் வெட்டுமுகத்தில், அதாவது நாரின் முனைகள் தெரியும் பக்கத்தில், மெல்லிய சீவல் ஒன்றை எடுங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் உளி தயார். வெளிறிய கோடுகளோடு மங்கித் தெரிந்தால் மீண்டும் தீட்ட வேண்டும்.

இலை விளிம்பில் உளியைச் செங்குத்தாக வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பதையும் தவிர்க்கவும். உளி ஆப்பாக மாறி நாரைப் பிளந்துவிடும். விளிம்புக்குச் சற்று வெளியே ஆழமற்ற வெட்டுகளாகத் தொடங்கி, கையழுத்தத்தால் சிறிது சிறிதாகக் கோட்டை நெருங்குவதே நல்லது.

கருங்கறை வேறு விஷயம். இம்மரத்தின் சாற்றுப்பொருள்கள் ஈரத்தில் இரும்பைத் தொட்டால் அவ்வாறு கறுக்கும். தீட்டிய உளியை ஈரம் துடைக்காமல் பயன்படுத்தினாலே போதும்.

குழியுளி:
இவ்வளவு பாடுபடுவதைவிட மரத்தை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. நுண்ணிய இலை வேலைக்கு, சீரான இழை கொண்ட பாஸ்வுட் என்ற மென்மையான மரம் இருக்கும்போது, வளையத்துக்கு வளையம் மாறும் மரத்தோடு ஏன் போராட வேண்டும்?

வைரக்கட்டை:
இந்த வடிவத்துக்குத் தாங்கள் சொல்வது சரி. மரத்தையே ஒதுக்குவது சரியன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் ஹைடா உள்ளிட்ட மக்கள் உருவங்கள் செதுக்கி நிறுத்தப்படும் டோட்டம் எனும் ஓங்கிய கம்பங்களையும் தோண்டு படகுகளையும் இதே மரத்தில்தான் செதுக்கினார்கள். நேரான நார், உளுத்துப் போகாத வைரம், உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் இயல்பு ஆகிய மூன்றும் பெரிய வேலைக்கு வரப்பிரசாதம். வளையத்தின் குறுக்கே பச்சை நிலையிலிருந்து முழுதாக உலரும் வரை இது சுமார் 2.4 விழுக்காடும், பாஸ்வுட் 6.6 விழுக்காடும் சுருங்குகின்றன. நுண்மையும் வேண்டும், சிடாரும் வேண்டும் என்றால் மஞ்சள் சிடாரைத் தேடலாம். அதன் இழை இன்னும் சீரானது, அதே கரையோர மக்கள் முகமூடிகளுக்கும் துடுப்புகளுக்கும் அதைப் பயன்படுத்தினர்.

கொடிச்சித்திரம்:
கோணத்தைக் குறைத்துத் தீட்டியபின் வெட்டுமுகம் பளபளக்கிறது. இலைகளின் உட்பகுதியில் பொடிவது நின்றுவிட்டது. நுனிகள் மட்டும் இன்னும் பலவீனமாக உள்ளன. அவற்றை உறுதிப்படுத்த வழியுண்டா? உப்புத்தாள் போடலாமா?

குழியுளி:
நீர்போல் இளகிய சூப்பர் குளூவை ஒரு துளி ஊறவிட்டு, காய்ந்தபின் வெட்டுங்கள். அந்த இடம் கறுத்து மெருகை ஏற்காது என்பதால், வண்ணம் பூசும் எண்ணம் இருந்தால் மட்டும் செய்யவும். இல்லையெனில் நுனிகளைச் சற்று மழுக்கி, பின்னணியோடு ஒட்டியவாறு வடிவத்தை மாற்றுங்கள்.

வைரக்கட்டை:
உப்புத்தாளை இயன்றவரை தவிர்க்கவும். மென்பட்டை விரைவாகத் தேய்ந்து கடினப்பட்டை வரப்புபோல் எழும்பி நிற்கும். மேலும் இம்மரத் தூளிலுள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. தேய்த்தே ஆகவேண்டிய இடத்தில் துகள்களைத் தடுக்கும் முகக்கவசம் அவசியம். கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கையுறையோடு தடவி, பின்னர் தூய நீரால் துடைத்து, முழுதும் உலர்ந்தபின் மெருகு பூசவும். முதலில் மிச்சத் துண்டில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.