தண்ணீரில் எத்தனால் கலந்தால் சூடு: சுருங்குவதாலா, இல்லையா?

கொதிகலன்:
வாட்ஸ்அப்பில் ஒரு ‘அறிவியல் துளி’ சுற்றுகிறது. ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்தால் கலவை குளிர்ந்துவிடுமாம், ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பது அதனால்தானாம். எழுதிய புண்ணியவான் இரண்டையும் கலந்து பார்த்ததே இல்லை போல. 50 மி.லி. தண்ணீர், 50 மி.லி. எத்தனால் (குடிக்கும் மதுவில் இருக்கும் ஆல்கஹால்), இரண்டும் ஒரே வெப்பநிலையில் எடுங்கள். கலந்ததும் குமிழ் குமிழாகக் கிளம்பும், குவளை வெதுவெதுப்பாகும், தெர்மாமீட்டர் ஏழு டிகிரி அளவுக்கு ஏறும். ஆறவிட்டு அளந்தால் 100 இருக்காது, 96 சொச்சம்தான். சுருங்குவதால்தான் சூடு. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பஞ்சுமிட்டாய்:
ஊசி போடும் முன்னால் நர்ஸ் பஞ்சில் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அது பொய்யா?

ஆய்வக எலி:
அது ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவது. கலப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுவரை கொதிகலன் சொன்னது சரி. “சுருங்குவதால்தான்” என்பதுதான் இடிக்கிறது. தண்ணீரும் எத்தனாலும் சேரும்போது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் மாறி அமைகின்றன. ஆற்றல் குறைந்த நிலைக்குப் போகிறது, மிச்சம் வெப்பமாக வெளியே வருகிறது. சுருக்கம் கூடவே வருவது, காரணம் அல்ல.

கொதிகலன்:
வந்துவிட்டார் பேராசிரியர். குக்கர் விசில் விவாதத்திலும் இப்படித்தான் “கூடவே வருவது” என்று மழுப்பினார். நேராகக் கேட்கிறேன்: அந்த 4 மி.லி. எங்கே போனது?

சும்மா வந்தவன்:
ஆவியாகியிருக்கும் சார்.

கொதிகலன்:
மூடி போட்ட குடுவையில் செய்தாலும் குறையும் தம்பி. தராசில் வைத்துப் பாருங்கள், எடை அப்படியே இருக்கும். அப்படியானால் உள்ளே இருப்பவை நெருங்கி நிற்கின்றன. நெருங்கினால் சூடு. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும், சிலருக்குப் புரியாது.

ஆய்வக எலி:
சரி, நெருங்கினால் சூடு என்றே வைத்துக்கொள்வோம். 1-புரோப்பனால் எடுங்கள், எத்தனாலை விட ஒரு கார்பன் அதிகம், அவ்வளவுதான். நிறையப் புரோப்பனாலில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அங்கேயும் கொள்ளளவு குறையும். ஆனால் வெப்பநிலை இறங்கும். சுருங்குகிறது, குளிர்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கொதிகலன்:
நான் எத்தனாலைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் புரோப்பனால் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். 4 மி.லி.க்குப் பதில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் 1865-ல் டாக்டர் பட்டத்துக்கு எழுதியதே ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்வதைப் பற்றித்தான். அவர் சுருக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு எத்தனாலுக்கு மூன்று தண்ணீர் மூலக்கூறு என்ற விகிதத்தில் சுருக்கம் உச்சம் என்றார். உங்களை விட அவர் பெரியவர்தானே?

சும்மா வந்தவன்:
அவர்தானே வோட்காவுக்கு 40 சதவீதம் என்று கண்டுபிடித்தவர்?

ஆய்வக எலி:
அது கட்டுக்கதை. அவர் அளந்தது கலவையின் அடர்த்தியை, வோட்காவுக்குப் பக்குவம் சொல்லவில்லை. கொதிகலன், நல்லவேளை அந்த ஒன்றுக்கு மூன்றை நீங்களே எடுத்தீர்கள். 25 டிகிரியில், கலவையின் ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) வெளிவரும் வெப்பம் உச்சம் தொடுவது ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்தில், சுமார் 780 ஜூல். சுருக்கத்தின் உச்சம் ஓரிடம், சூட்டின் உச்சம் வேறிடம். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் அல்லவா உச்சிக்குப் போக வேண்டும்?

பஞ்சுமிட்டாய்:
அப்போ ராவாகக் குடித்தால் தொண்டை எரிவதும் இந்தச் சூடுதானா? எச்சிலில் கலக்கிறதே.

சும்மா வந்தவன்:
அனுபவஸ்தர் பேசுகிறார், வழி விடுங்கள்.

பஞ்சுமிட்டாய்:
நான் குடிப்பதில்லை. சந்தேகம் கேட்டால் உடனே பட்டம் கட்டுவதா? போன வாரம் மிக்ஸி பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் கிண்டல் செய்தீர்கள்.

ஆய்வக எலி:
எரிச்சல் பெரும்பாலும் நரம்பின் வேலை. சூட்டை உணரும் நரம்பு முனைகளை எத்தனால் தூண்டிவிடுகிறது, அதனால் உடம்புச் சூடே சுடுவதுபோல் தெரிகிறது. பீரை விட விஸ்கி அதிகம் எரிவதற்குச் செறிவுதான் காரணம்.

கொதிகலன்:
பார்த்தீர்களா, நைசாகத் தொண்டைக்கு இறங்கிவிட்டார். ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஐந்து என்று கணக்கு ஒப்பித்தால் 4 மி.லி. திரும்பி வந்துவிடுமா? சுருங்குகிறதா இல்லையா? சூடாகிறதா இல்லையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நான் சொன்னது நிற்கிறது.

ஆய்வக எலி:
சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. இரண்டுக்கும் ஆமாம்தான்.

கொதிகலன்:
கிண்டலில் குறைச்சல் இல்லை. குக்கர் விவாதத்தில் கடைசியில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வக எலி:
பதில் சொன்னேன். அதன் பிறகுதான் உங்கள் பதிவு காணாமல் போனது.

கொதிகலன்:
அழிக்கவில்லை, திருத்தினேன். எழுத்துப்பிழை இருந்தது.

சும்மா வந்தவன்:
மூன்று பத்தியும் எழுத்துப்பிழையா சார்?

கொதிகலன்:
உங்களிடம் நான் பேசவில்லை.