ரஷ்யன் ஓரளவு வாசிப்பேன், பழைய ஸ்லாவியத்துக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

வோல்கா_வாசகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்திருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்களில் தொற்றிய பைத்தியம் இது. நாலு வருஷமாக ரஷ்யன் படிக்கிறேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சிறுகதை வாசிக்க முடிகிறது, பேச்சு மட்டும் இன்னும் திக்குகிறது. பட்டத்துக்கோ வேலைக்கோ இல்லை, இந்த மொழிகள் எங்கிருந்து வந்து எப்படிப் பிரிந்தன என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். ஸ்லாவியவியல் (ரஷ்யன், போலிஷ், செக் மாதிரி ஸ்லாவிய மொழிகளைப் பற்றிய படிப்பு) என்றால் பழைய திருச்சபை ஸ்லாவியத்தில்தான், அதாவது அந்தக் காலத்து மத நூல்களின் மொழியில்தான், ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். ஒரு பாடநூலை எடுத்தேன், மூன்றே வாரத்தில் மூச்சு வாங்கிவிட்டது. மூக்கொலி உயிர்கள், யெர் என்று இரண்டு குட்டி உயிர், ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை, உதாரணம் என்று பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சுவிசேஷ வசனம். இன்னொருவர் "அதையெல்லாம் மூட்டை கட்டு, முதலில் போலிஷ் படி" என்கிறார். எது சரி? ரஷ்யன் மட்டும் தெரிந்தவன் இதற்குள் நுழைய வேறு வாசல் உண்டா?

இரண்டாம்_வேற்றுமை:

திருச்சபை ஸ்லாவியத்தை முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் அது ரஷ்ய மொழியின் அம்மா என்று நினைத்துப் படித்தால் குழப்பம்தான், அது பெரியம்மா முறை. 863இல் சிரில், மெதோடியஸ் என்ற மதபோதகச் சகோதரர்கள் மொராவியாவுக்குப் போனபோது கையில் வைத்திருந்தது தெசலோனிக்கா பக்கத்துத் தெற்கு ஸ்லாவியப் பேச்சு. அது பின்னால் மதத்தோடு கீவுக்கும் நோவ்கோரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயரிலேயே இரண்டும் தெரியும்: நோவ்கோரத் என்பதில் இருக்கும் 'கோரத்' உள்ளூர்ச் சொல், லெனின்கிராதில் இருக்கும் 'கிராத்' திருச்சபை வழியாக வந்தது, இரண்டுக்கும் பொருள் நகரம்தான். 'கலவா' என்றால் தலை, 'கிளவா' என்றால் அத்தியாயம் அல்லது தலைவர். நம்மிடம் தலை இருக்கும்போதே சிரசும் தலைமைச் சொல்லாக வந்து உட்கார்ந்தது போல. இதைப் புரிந்துகொண்டு, தினம் அரைப் பக்கம் வீதம் மெதுவாகப் போங்கள்.

ஓலைக்கிறுக்கன்:

மேலே சொன்னது சரி, ஆனால் அரைப் பக்கம் வீதம் சுவிசேஷம் படித்து ஆர்வத்தைக் காப்பாற்றிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை (என்னையும் சேர்த்துத்தான்). உங்களுக்கு ரஷ்யன் தெரியும் என்றால் நோவ்கோரத் மரப்பட்டைக் கடிதங்களில் ஆரம்பியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: வோல்கோவ் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் மண் ஈரக் களிமண், காற்று புகாது, அதனால் மரமும் பட்டையும் நூற்றாண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கும். 1951 ஜூலை 26 அன்று அர்சிஹோவ்ஸ்கி தலைமையில் நடந்த அகழாய்வில் நீனா அக்கூலவா என்ற பெண் ஒரு பிர்ச் மரப்பட்டைச் சுருளைக் கண்டெடுத்தார், அதில் எழுத்து இருந்தது. இன்றைக்கு நோவ்கோரத்தில் மட்டும் 1,100க்கு மேல் கிடைத்திருக்கின்றன, எல்லாம் 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையில் எழுதியவை. மை அபூர்வம், பெரும்பாலும் எழுத்தாணியால் கீறியது. நம் ஓலைச்சுவடி மாதிரியே, ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், இவற்றை யாரும் பாதுகாக்க நினைக்கவில்லை. வாசித்ததும் தூக்கிப் போட்டவை. அதனால்தான் அதில் கடன் பாக்கி, மீன், குதிரை, புருஷன் மேல் புகார் என்று வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது.

752ஆம் எண் கடிதத்தைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெண், மூன்று முறை ஆள் அனுப்பினேன், இந்த வாரம் நீ வராமல் இருக்க என் மேல் என்ன கோபம் என்று கேட்கிறாள். வாங்கியவன் (அவனாகத்தான் இருக்க வேண்டும்) அதைக் கிழித்து முடிச்சுப் போட்டு எறிந்திருக்கிறான். 377இல் மிகிதா என்பவன் உல்யானித்சாவிடம், என்னைக் கட்டிக்கொள், எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும், இதற்கு இக்னாத் சாட்சி என்கிறான். சாட்சி வைத்துக் காதல்! இதையெல்லாம் எண் வாரியாக இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், புகைப்படம், கோட்டுப் பிரதி, மூலம், இன்றைய ரஷ்ய மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து. நாலு வரிக் கடிதம், ஒரு மாலைக்கு ஒன்று.

வோல்கா_வாசகன்:

அண்ணே, நேற்று ராத்திரி 377ஐத் திறந்தேன். சொற்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லையே! அப்புறம் 'வேண்டும்' என்பதற்கு நான் படித்தது 'ஹச்சூ', மிகிதா 'ஹத்ஸூ' என்கிற மாதிரி எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழையா? படிப்பறிவு குறைந்தவனா?

ஓலைக்கிறுக்கன்:

பிழை இல்லை, அவன் ஊர்ப் பேச்சு. நோவ்கோரத்தில் ச்ச, ட்ஸ இரண்டும் ஒன்றாகிவிட்டன, நம் ஊரில் பாதிப் பேர் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கியது போல. எழுத்தும் அப்படித்தான், குட்டி உயிர் வர வேண்டிய இடத்தில் தாராளமாக ஓ போடுவார்கள். 'பக்லோன்' என்று முடிய வேண்டிய வணக்கச் சொல் 'பக்லோனோ' என்று நிற்கும். புள்ளி வைக்காத சுவடியில் 'கல்' என்பது 'கல' என்று கிடக்கும், எ ஏ வித்தியாசம் தெரியாது, நாம் இடம் பார்த்து வாசிக்கவில்லையா, அதே பழக்கம்தான். ரொம்ப நாள் அறிஞர்களே இதைப் படிப்பறியாதவர்களின் தப்பு என்றுதான் நினைத்தார்கள். சலிஸ்னியாக் என்ற ரஷ்ய மொழியியலாளர்தான் இல்லை, இது தனி எழுத்து முறை, விதி உண்டு என்று நிறுவினார்.

அவர் உடைத்ததில் எனக்குப் பிடித்தது 247, 11ஆம் நூற்றாண்டு. அதில் 'கேலெ' என்று ஒரு சொல் வருகிறது. முதலில் பதிப்பித்தவர்கள் அதைத் துறவியின் அறை என்று எடுத்துக்கொண்டு, அறையின் பூட்டு, அறையின் கதவு என்று வாசித்துவிட்டார்கள். சலிஸ்னியாக் சொன்னது: அது இன்றைய 'ட்செலி', அதாவது முழுசாக, சேதமில்லாமல். பூட்டு உடையவில்லை, கதவும் உடையவில்லை, வீட்டுக்காரர் வழக்கும் போடவில்லை, பழி சொன்னவனுக்கே அபராதம் போடு என்கிற வழக்கு விவகாரம்! ஒரு சொல் மாறியதும் கடிதமே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் மொழியியல் சங்கதி என்னவென்றால், மற்ற ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் அந்த இடத்துக் ககரம் ட்ஸ ஆகிவிட்டது, நோவ்கோரத், பிஸ்கோவ் பக்கம் மட்டும் ககரமாகவே நின்றது. தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் செவி, கன்னடத்தில் கிவி. நாம் செய், பழைய கன்னடத்தில் கெய். ஸ்லாவியத்தின் கன்னடம் நோவ்கோரத் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாடநூலில் நாலு பக்கம் மிச்சம்.

கிராக்கோவ்_குளிர்:

போலிஷ் படி என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். நோவ்கோரத் தனி என்பது எப்படித் தெரிந்தது? மற்றவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால். 'முழு' என்ற அதே சொல்லை போலிஷ், செக், பல்கேரியன், ரஷ்யன் நாலிலும் தேடுங்கள், நாலும் ட்ஸ ஒலியில்தான் தொடங்கும். வெறும் ரஷ்யனை வைத்துக்கொண்டு கடிதம் வாசித்தால் கதை கிடைக்கும், ஸ்லாவியம் கிடைக்காது. ஸ்லாவியவியல் என்ற பெயரில் எல்லாரும் ரஷ்யாவையே சுற்றுவது எனக்கு எரிச்சல், அது வேறு விஷயம். போலிஷ் பேசக் கற்க வேண்டாம், நீங்கள் அகப்பட்டுத் திணறிய மூக்கொலி உயிர்கள் அதில் இன்றும் உயிரோடு இருக்கின்றன, ஒரு செய்தி ஒலிபரப்பைக் காதில் போட்டுக்கொண்டாலே அந்த அத்தியாயத்தின் மேல் இருக்கும் பயம் போய்விடும்.

இரண்டாம்_வேற்றுமை:

இதை ஏற்கிறேன். கடிதம் ஒன்று, அதில் மாட்டிய சொல்லுக்குத் திருச்சபை வடிவம் ஒன்று, போலிஷ் வடிவம் ஒன்று, ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். ஆழமாக வேண்டுமென்றால் சலிஸ்னியாக் 1995இல் வெளியிட்ட பழைய நோவ்கோரத் பேச்சுமொழி நூல், 2004இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். தடியானது, நேராக வாசிக்க முயலாதீர்கள், கடிதத்தின் எண்ணைத் தேடி அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். அவர் 2017இல் காலமாகிவிட்டார், ஆனால் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்த வருஷம் கிடைத்த கடிதங்களைப் பற்றி மாஸ்கோவில் பேசியதில் பல காணொளியாக இருக்கின்றன. உங்கள் ரஷ்யனுக்குப் பாதியாவது புரியும், நிதானமாகப் பேசுவார்.

வோல்கா_வாசகன்:

சரி, நோட்டு வாங்கியாகிவிட்டது. இன்றைக்கு எளிதாக ஒன்று பார்க்கலாம் என்று ஆன்ஃபிம் என்கிற பையனுடையதைத் திறந்தேன், 13ஆம் நூற்றாண்டு, ஆறேழு வயது இருக்கும் என்கிறார்கள். எழுத்து வரிசை எழுதி, அப்புறம் 'ப வ க த', 'பெ வெ கெ தெ' என்று உயிர்மெய் மாதிரி ஓட்டிக்கொண்டு போகிறான், என் பெண் போன வருஷம் 'க கா கி கீ' எழுதிய அதே அலுப்பு. திருப்பினால் ஒரு விசித்திரப் பிராணி படம், பக்கத்தில் 'நான் மிருகம்'. அகராதி இல்லாமல் வாசித்துவிட்டேன்.