கரண்ட் போய் வந்ததிலிருந்து நெக்ஸ்ட்கிளவுட் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் விவசாயிகளின் பட்டா, அடங்கல் நகல்களைச் சேர்த்து வைக்க, பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு டாக்கர் கம்போஸ் (மென்பொருள்களைத் தனித்தனி கண்டெய்னர்களில் ஓட்டும் கருவி) மூலம் நெக்ஸ்ட்கிளவுடும் (கோப்புகளைச் சொந்தக் கணினியில் சேமித்துப் பகிரும் மென்பொருள்) அதற்கான தரவுத்தளமான மரியாடிபியும் நிறுவினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது.

முந்தாநாள் கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் அந்த லேப்டாப்புக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டது. இப்போது எந்த போனில் திறந்தாலும் நம்பகமில்லாத டொமைன் (அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரி) என்றே வருகிறது. கம்போஸ் கோப்பில் புது ஐபியைச் சேர்த்துப் பார்த்தேன், பலனில்லை. நம்பகமான டொமைன்களைக் குறிப்பிடும் அந்த வரி முதல் நிறுவலின்போது மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கண்டெய்னருக்குள் போய் ஓசிசி என்ற நெக்ஸ்ட்கிளவுட் நிர்வாகக் கட்டளையால் மாற்றினால் போதுமா, கான்ஃபிக் கோப்பையே திருத்த வேண்டுமா? வால்யூமை அழித்துவிட்டு மறுபடி நிறுவ மட்டும் சொல்லாதீர்கள், ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த ஆவணம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ரூட்டரில் ஐபி மாறாமல் வைக்கும் வழியும் தெரிந்தால் சொல்லுங்கள். குறுவைக் கடனுக்கு இந்த நகல்கள் சீக்கிரமே வேண்டும்.